இருளும் ஒளியும்

தோல் பதனிடும் தொழிலாற் பெயர்பெற்ற ஆம்பூர், வாணியம்பாடி நகரங்களுக்கு அண்மையிலுள்ளது சவ்வாது மலை. அம்மலைமேல் காவலூரில், 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியுடைய வைணு பாப்பு தொலைநோக்கி 1986-ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. அதன்வழி அறிஞர்கள் குவேசார்களையும் ஆராய்ந்துள்ளனர்.

குவேசார் என்பது தொலைவிலுள்ள விண்மீன் மண்டலமொன்றின் ஒளிமிக்க நடுப்பகுதியாகும். ஆங்கே சூரியனினும் பல கோடி மடங்கு பொருண்மையுடைய கருந்துளை உண்டு. அதனுட் புகுந்த ஒளி மீளாது. ஆயின், அதனை நோக்கி வீழும் வளி சுழன்று, உராய்ந்து, வெப்பமுற்றுப் பேரொளி வீசும். சூரியனுள் ஹைட்ரஜன் அணுக்கள் பிணையும்போது, பொருண்மையில் நூற்றிலொரு பங்கினும் குறைவே ஆற்றலாகும்; இங்கோ ஏறத்தாழப் பத்திலொரு பங்கு ஆற்றலாகின்றது.

பல நூறு கோடி ஆண்டுகள் கடந்து வரும் அவ்வொளி மிக மெல்லியது. ஊர் விளக்கொளி வானிற் பரவின் அது மறைந்துபோம். ஆதலின், விளக்குகளை நிலம் நோக்கி அமைத்து மலையின் இருளைக் காத்தல் அடிவாரத்து மக்களின் கடனாகும்.