குரலுக்கு ஓர் ஊசி

முப்பது ஆண்டுகளாக மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு அரபு எழுத்துகளின் பிறப்பிடங்களைக் கற்பித்து வருபவன் நான். தொண்டையில் பிறப்பவை ஆறு. அவற்றுள் ஹம்ஸாவும் ஹாவும் தொண்டையின் அடியாழத்தில் பிறப்பவை. அந்த அடியாழமே ஒரு நாள் என்னைக் கைவிட்டது.

தைராய்டுக் கழலைக்கு அறுவை செய்துகொண்ட பின், இடப்பக்கக் குரல்நாண் அசைவற்றுப் போயிற்று. வலப்பக்க நாண் அதனைத் தொட்டு மூட இயலாமையால் மூச்சு வீணாகி, பேச்சு வெறுங்காற்றாயிற்று. தண்ணீர் அருந்தினால் புரையேறிற்று. கடைசி வரிசைப் பிள்ளையொருவன், "ஹஜ்ரத், கேட்கவில்லை" என்றான். அச்சொல் என்னை உறங்க விடவில்லை.

அசையாத நாணில் ஒரு பொருளை ஊசியால் நிரப்பிப் பருக்கச் செய்தால், அது நடுவே நகர்ந்து மற்றதைச் சந்திக்கும் என்றார் தொண்டை மருத்துவர். "என்றும் நிலைப்பதையே போட்டுவிடுங்கள்" என்றேன். அவர் மறுத்தார், மறுத்ததற்குக் கூறிய வரலாறு சிந்திக்கத் தக்கது.

1911இல் ஜெர்மானிய மருத்துவர் ப்ரூனிங்ஸ் பாரஃபின் மெழுகைச் செலுத்திப் பார்த்தார். அது இடம்பெயர்ந்தும் கட்டியாகியும் தீங்கு செய்தது. 1962இல் ஆர்னால்ட் என்பார் டெஃப்லானைக் கொண்டுவந்தார். அது கரையவில்லை, கரையாமையே குற்றமாயிற்று. ஆண்டுகள் சென்றபின் பலருக்கு அதனைச் சுற்றிக் கட்டி எழுந்து குரலைக் கெடுத்தது. சிலருக்கு மூச்சையும் நெருக்கியது. அதை அகற்றுவதோ பெரும்பாடு. ஆகவே இன்று கரையும் பொருள்களையே பெரிதும் நாடுகின்றனர். கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் இரண்டு மூன்று மாதங்களும், ஹையலூரானிக் அமிலம் பல மாதங்களும், கால்சியம் ஹைட்ராக்சிஅபடைட் ஓராண்டளவும் அதற்கு மேலும் நிற்கும். அறுபடாத நரம்பு ஓராண்டுக்குள் தானே மீளவும் கூடுமாதலால், அதுவரை தாங்கும் ஊன்றுகோலே போதும்.

கரைவதெல்லாம் தீங்கற்றது என்று எண்ணிவிடலாகாது, அன்பர்களே! வீக்கமும் சிறு இரத்தக் கசிவும் நேரலாம். நாணின் மேற்படலத்தில் தவறிச் செலுத்தினால் குரல் விறைத்துப்போகும். அரிதாக ஒவ்வாமை அழற்சியும், மிக அரிதாக மூச்சுத் தடையும் உண்டாகும். மூச்சு வாங்கினால் விடியும்வரை காத்திராமல் அப்பொழுதே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மருந்துண்போர் அதனை முன்னரே சொல்லிவிட வேண்டும்.

நமக்கு மற்றொரு கேள்வியும் உண்டு. நிரப்பப் பயன்படும் ஜெலட்டினில் பன்றித் தோலிலிருந்து எடுக்கப்படுவதும் உளது. "இப்பொருள் எதிலிருந்து வந்தது?" என்று கேட்பதில் நாணம் வேண்டியதில்லை. நான் கேட்டேன், மருத்துவர் முகம் சுளிக்காமல், நுண்ணுயிரைப் புளிக்கவைத்து எடுத்த ஹையலூரானிக் அமிலத்தைத் தெரிவு செய்தார்.

முதல் சில நாள் குரல் இறுகியிருந்தது. வீக்கம் வடிந்ததும் தெளிந்தது. ஏழாம் மாதம் மருந்து கரைந்தபோது, நாண் சற்றே அசையத் தொடங்கியிருந்தது. பழைய குரல் முழுவதும் திரும்பவில்லை. ஆயினும் கடைசி வரிசைப் பிள்ளை என் ஹம்ஸாவைக் கேட்டுத் திருத்தமாகத் திருப்பிச் சொல்லுகிறான். அல்ஹம்துலில்லாஹ்!