ஸ்பாஞ்சில் ஒரு சதுரம்

வெள்ளிக்கிழமை ராத்திரி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. திங்கட்கிழமை ஈரநில மாதிரி கொண்டுவர வேண்டும், மாணவர்களே செய்திருக்க வேண்டும். இரண்டாவது பாதியை எந்தப் பெற்றோரும் நம்புவதில்லை. நான்காம் வகுப்பு ப்ராஜெக்ட்டுகள் எல்லாம் ஞாயிறு நள்ளிரவில், ஃபெவிகால் ஒட்டிய பெரியவர்களின் விரல்களால் முடிக்கப்படுபவை.

எந்த ஈரநிலம் என்று யோசிக்கவே இல்லை. எங்கள் பால்கனியில் நின்றால் பள்ளிக்கரணை தெரியும்.

இரண்டடிக்கு ஒன்றரையடி தெர்மாகோல் வாங்கினேன். அவசரத்தில் பச்சை ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தேன். அடித்த இடமெல்லாம் குழி விழுந்தது. “அப்பா, சதுப்பு நிலம் உருகுதுப்பா!” என்று மகள் கத்தினாள். ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். இன்னொரு அட்டை வாங்கி, இந்த முறை போஸ்டர் கலர்.

மென்பொருள்காரன் புத்தி, அளவு சரியாக இருக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் என்றால் நூறு மீட்டர். அப்படியானால் ஒரு சதுர சென்டிமீட்டர் ஒரு ஹெக்டேர். 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது பள்ளிக்கரணையின் பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர். கார் கழுவுகிற ஸ்பாஞ்ச் ஐந்தை ஒட்டியதில் கிட்டத்தட்ட அந்த அளவு வந்தது. அட்டையில் பாதிகூட இல்லை. பழைய சதுப்பு முழுவதையும் காட்ட வேண்டுமென்றால் ஒரு அட்டை போதாது.

பூந்துடைப்பத்தைப் பிய்த்துக் கோரை நட்டாள். பழைய பேப்பரைக் கசக்கி பெருங்குடி குப்பைமேடு. காது குடையும் பஞ்சுக்குச்சியில் ரோஸ் கலர் பூசி பூநாரை. என் கணக்கில் அந்தப் பறவை 500 மீட்டர் உயரம். சொன்னேன். “அது முக்கியம்ல? பெருசாத்தான் இருக்கும்” என்றாள். அதற்கு மேல் நான் அளவு பேசவில்லை.

ஓரமாகத் தீப்பெட்டி வீடுகளை வைத்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். ஸ்பாஞ்ச் மொத்தத்தையும் குடித்தது. வீடுகள் நனையவில்லை. தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரி நீர் இங்கேதான் வரும், கொஞ்ச நாள் தங்கும், பிறகு ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய் கோவளம் பக்கம் கடலில் சேரும் என்று விளக்கினேன். பெருமையாகத்தான் இருந்தது.

“நம்ம வீடு எங்கப்பா?”

“அது... இந்த அட்டைக்கு வெளிய இருக்கு கண்ணு.”

“பொய். பால்கனியிலேர்ந்து கோரை தெரியுது.”

நாங்கள் குடிவந்தது 2018-ல். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று வாட்ச்மேன் அண்ணன் ஒருமுறை பார்க்கிங் தூணில் கைவைத்துக் காட்டினார். என் மார்பளவு. அந்தத் தூணுக்கு இப்போது புது பெயிண்ட். கடன் இன்னும் பதின்மூன்று வருஷம் பாக்கி. “நம்ம இடத்துக்கு அப்ரூவல் எல்லாம் இருக்குடா” என்றேன். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் பேங்க் மேனேஜரிடம் பேசுவதுபோல.

அவள் அதற்குள் கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள். தீப்பெட்டியை ஸ்பாஞ்ச் மேல் வைத்து, சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, சதுரமாக வெட்டி எடுத்தாள். குழிக்குள் தீப்பெட்டி கச்சிதமாக உட்கார்ந்தது.

ஒரு தீப்பெட்டி என் கணக்கில் 17 ஹெக்டேர். எங்கள் ஃப்ளாட் 1,050 சதுர அடி, இந்த அட்டையில் புள்ளிகூட ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். இங்கே வீடு வாங்கிய எல்லோரும் அதைத்தான் சொல்லியிருப்போம் என்று தோன்றியது. சொல்லவில்லை.

ஸ்பாஞ்சைப் பிழிந்துவிட்டு மறுபடி ஊற்றினாள். தண்ணீர் குழியில் தேங்கியது. தீப்பெட்டி ஊறி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவள் அழவில்லை. நன்றாக வேலை செய்கிறது என்பதுபோல் தலையாட்டி, வேறு தீப்பெட்டி கேட்டாள்.

“இந்தத் துண்டை என்னப்பா பண்றது?” வெட்டிய ஸ்பாஞ்ச் அவள் உள்ளங்கையில் இருந்தது.

“தூக்கிப் போட்டுடு.”

போடவில்லை. அட்டையின் மூலையில் ஒட்டி, பக்கத்தில் ‘இது அங்கே இருந்தது’ என்று எழுதினாள். பிறகு தீப்பெட்டிக்குப் பெயர்ச்சீட்டு. பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“அடுக்குமாடின்னு எழுதவா, எங்க வீடுன்னு எழுதவா?”

மணி பதினொன்றரை. வகுப்பில் இன்னும் நான்கைந்து பிள்ளைகள் எங்கள் காம்ப்ளெக்ஸிலேயே இருக்கிறார்கள். அடுக்குமாடி என்று எழுதினால் யாருக்கும் சங்கடமில்லை.

“எங்க வீடுன்னே எழுது” என்றேன்.