கைராசி

டாக்டர் வருகிற நாளில் அப்பத்தா விடியும்போதே வேறு சேலை மாற்றி நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். ஊசியைக் கொதிக்கவைக்க ஸ்டவ்வில் வெந்நீர் தயாராக இருக்கும். என்ன மருந்தென்று கேளுங்களேன் என்பார் அப்பா. "அவர் கைராசிக்காரருப்பா. மருந்தா பேசுது?" என்பாள்.

அந்த நாற்காலி நினைவுக்கு வந்தால் கூடவே நான் போயிராத ஓர் ஊரும் வந்துவிடுகிறது. மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஹைட். அங்கே ஹரால்ட் ஷிப்மன் என்ற டாக்டரின் நோயாளிகள், பெரும்பாலும் வயதான பெண்கள், உடுத்திய உடையோடு நாற்காலியில் சாய்ந்தபடி செத்துக்கிடந்தார்கள். அவரிடம் பேர் பதியக் காத்திருந்தவர்கள் உண்டு. கூப்பிட்டால் வீட்டுக்கே வருவாராம். கைராசிக்காரர்.

ஊசியில் டயமார்பின். ஹெராயினுக்கு மருத்துவத்தில் அதுதான் பெயர். புற்றுநோயாளிகளின் பெயரில் எழுதி வாங்கிச் சேர்த்துவைத்தது. 1975-லேயே பெத்தடின் போதைக்காகப் பொய்ச் சீட்டு எழுதி மாட்டியவர்தான். 600 பவுண்டு அபராதத்தோடு விட்டார்கள். பதினேழு வயதில், புற்றுநோயில் கிடந்த அம்மாவுக்கு டாக்டர் மார்பின் போடுவதைப் பார்த்தாராம். எழுதுகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் போய் நிற்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. ஊசி போடுவதை நானும்தான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

முதலில் கவனித்தவர்களில் ஒருவர் டாக்சி ஓட்டுபவர். வாடிக்கைப் பாட்டிகள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள்; எல்லாருக்கும் ஒரே டாக்டர். 1998 மார்ச்சில் எதிர் கிளினிக் டாக்டர் ஒருவர் புகாரே சொன்னார். போலீஸ் மேலோட்டமாகப் பார்த்து மூடிவிட்டது. அதன் பிறகும் மூன்று பேர் போனார்கள்.

உடலை எரிப்பதற்கு இன்னொரு டாக்டரின் கையெழுத்து வேண்டும் என்பது அப்போது அந்த நாட்டு விதி. சக டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போட்டுக்கொடுத்தார்கள்.

கடைசியில் பிடிபட்டது பேராசையால். 81 வயதுப் பெண்மணி ஒருவரின் சொத்தெல்லாம் டாக்டருக்கே என்று அரைகுறையாக டைப் அடித்த ஓர் உயில். மகள் வக்கீல், நம்பவில்லை. புதைத்த உடலைத் தோண்டினால் உள்ளே மார்பின். முன்தேதியிட்டு நோய்க்குறிப்பைத் திருத்தியிருந்தார் ஷிப்மன். எப்போது திருத்தினார் என்பதைக் கம்ப்யூட்டர் குறித்துவைத்திருந்தது. 2000 ஜனவரியில் 15 கொலைகளுக்கு ஆயுள் தண்டனை. நீதிபதி ஜேனட் ஸ்மித்தின் விசாரணை 215 பேரைத் தேடி எண்ணியது. பிறகு 250 வரை என்றது. ஒன்றையும் ஒப்புக்கொள்ளாமல் ஷிப்மன் 2004-இல் வேக்ஃபீல்ட் சிறையில் தூக்கு மாட்டிக்கொண்டார்.

அப்பத்தா போன அன்று எங்கள் டாக்டர் வந்தார். நாடி பார்த்தார், கண்களை மூடிவிட்டார், ஃபீஸ் வாங்கவில்லை. சீட்டில் ஏதோ எழுதித் தந்தார். அப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பந்தல்காரரைப் பார்க்கப் போனார். என்ன எழுதியிருந்தது என்று யாரும் படித்துப் பார்க்கவில்லை.