‘எனது’ என்பாரும் ‘நமது’ என்பாரும்

மாந்தர் தமக்குரிய பொருளைச் சுட்டுங்கால் இரண்டு சொற்களை வழங்குகின்றனர். ஒன்று ‘எனது’ என்பது. மற்றொன்று ‘நமது’ என்பது. வீடும் வயலும் எனது எனப்படும். அவற்றிற்குப் பத்திரமும் பட்டாவும் உள. ஊருணியும் கோவிலும் பள்ளியும் நமது எனப்படும். அவற்றின் பத்திரம் எவர் கையில் உளது என்று வினவுவார் அரியர். இவ்விரு சொற்களும் தத்தம் எல்லையில் நிற்குமளவும் வழக்கு எழுவதில்லை. ஒரே பொருளை ஒருவர் எனது என்றும், பதினாயிரவர் நமது என்றும் கூறுமிடத்தேதான் இடர்ப்பாடு தோன்றுகின்றது. இங்கிலாந்து தேசத்துப் பெருங் காற்பந்துக் கழகங்கள் அத்தகைய பொருள்கள் ஆகும்.

இங்கிலாந்தைப் பற்றிய இவ்விஷயம் நமக்கு என் என்று வினவுவோர், சனிக்கிழமை இரவில் நமது கல்லூரி விடுதியின் பொது அறையைச் சென்று காண்பாராக. மாஞ்செஸ்டர், லிவர்ப்பூல் என்னும் நகரங்களைப் படத்திலன்றிக் கண்டறியாத இளைஞர், அந்நகரத்துக் கழகங்களின் சட்டையை அணிந்து, ‘நாம் வென்றோம்’, ‘நாம் தோற்றோம்’ என்று உரையாடுவர். அவர்களை நகைத்தற்கு எனக்கு உரிமையில்லை. யானும் பள்ளிப் பருவந்தொட்டு மாஞ்செஸ்டர் யுனைடெட் கழகத்தை நம்முடையதென்றே கருதி வருபவன். சென்ற ஆண்டில் மாணவர் ஒருவர், “ஐயா, நம் கழகத்துக்கு வருவாயில் குறைவில்லையே, பின்னர் ஏன் இத்துணைக் கடன்?” என்று வினவினார். அவ்வினாவிற்கு நின்ற நிலையில் விடை கூறுதல் இயலாது. அதனை ஒருவாறு விரித்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கழகங்கள் செல்வர் கண்டவை அல்ல. மாஞ்செஸ்டர் யுனைடெட் 1878-ஆம் ஆண்டில் நியூட்டன் ஹீத் என்னுமிடத்துப் புகைவண்டித் தொழிலாளரால் தொடங்கப்பெற்றது. எவர்ட்டன் கழகம் அதே ஆண்டில் மெதடிஸ்டு சபையொன்றைச் சார்ந்து எழுந்தது. மாஞ்செஸ்டர் சிட்டியின் முதல் வேர், 1880-இல் மேற்குக் கார்ட்டன் பகுதியில் புனித மாற்கு ஆலயத்தார் அமைத்த ஆட்டக் குழுவேயாகும். ஆலைகளில் உழைத்துக் களைத்த இளைஞர் மதுவிலும் கலகத்திலும் வீழாது, உடல் வலியும் ஒழுங்கும் பெறுதல் வேண்டுமென்பது அந்நாளைச் சபையாரின் கருத்து. நம் கல்லூரி போன்ற நிலையங்கள் இந்நாட்டில் விளையாட்டை வளர்த்ததும் ஏறக்குறைய அக்கருத்தினாலேயாம்.

ஆட்டங்காண மக்கள் திரள்திரளாக வந்தபொழுது திடலும் மதிலும் வேண்டியிருந்தன. அவற்றிற்குப் பொருளும் வேண்டியிருந்தது. ஆதலின் கழகங்கள் பங்குக் கம்பெனிகளாக மாறின. அப்பொழுது இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கத்தார் ஓர் அரிய வரம்பு கட்டினர். பங்குதாரர்க்கு நூற்றுக்கு ஐந்தின் மேற்பட இலாபம் அளித்தலாகாது. இயக்குநர் ஊதியம் பெறலாகாது. பிற்காலத்தில் அவ்விழுக்காடு சிறிது உயர்த்தப்பட்டதேனும், வரம்பு வரம்பாகவே நின்றது. பங்கு வைத்திருப்போர் உடைமையாளர் அல்லர், கோவிற் சொத்தைக் காக்கும் தருமகர்த்தர் போல்வர் என்பதே அதன் உட்கருத்து.

அக்காலம் பொற்காலம் என்று யான் கூறேன். 1961 வரையில் எத்துணைத் தேர்ந்த ஆட்டக்காரரும் வாரத்திற்கு 20 பவுனுக்கு மேல் ஊதியம் பெற விதியில்லை. அரங்கு நிறைந்த பணம் ஆடியவர் கைக்குச் சேரவில்லை. செல்வர் துணையும் புதிதன்று. 1902-இல் நியூட்டன் ஹீத் கழகம் கடனால் அழியும் நிலையடைந்தபொழுது, அதனைக் காத்துப் புதுப்பெயர் பெறச்செய்தவர் ஜான் ஹென்றி டேவிஸ் என்னும் மதுபானத் தொழிலதிபரே. எனினும், கழகத்தால் பொருளீட்டுதல் பெரும்பாலார்க்கு நோக்கமாக இருந்ததில்லை. ஊரிற் பெறும் மதிப்பே அவர்க்கு ஊதியமாயிற்று.

வரம்பு உடைந்தது 1983-இல். அவ்வாண்டில் இலண்டன் நகரத்து டாட்டன்ஹாம் கழகத்தார், கழகத்தின்மேல் ஒரு தாய்க் கம்பெனியை நிறுவி, அதன் பங்குகளைப் பங்குச் சந்தையில் விற்றனர். இலாப வரம்பு கழகத்தைக் கட்டுமேயன்றித் தாய்க் கம்பெனியைக் கட்டாது. பிற கழகங்களும் அவ்வழியே சென்றன. மாஞ்செஸ்டர் யுனைடெட் 1991-இல் சந்தைக்கு வந்தது. 1992-இல் முதல் வரிசைக் கழகங்கள் தனித்துப் பிரிந்து ‘பிரீமியர் லீக்’ என்னும் அமைப்பைக் கண்டு, தொலைக்காட்சிப் பணத்தைத் தம்முள்ளே பகிர்ந்துகொண்டன. அதன்பின்னரே உலகத்துப் பெருஞ்செல்வரின் கண் இப்பக்கம் திரும்பிற்று.

அவர்கள் விலை கொடுத்து வாங்குவது யாது என்பதனைச் சிறிது ஆராய்வோம். திடல் மண்ணும் கல்லுமே. ஆட்டக்காரரோ சில ஆண்டில் நீங்குபவர். விலையின் பெரும்பகுதி மக்களின் பற்றுக்கே உரியது. கடைக்காரர் ஒருவர் அரிசியிற் கல் கலப்பாராயின் மறுநாளே வேறு கடைக்குச் செல்கின்றோம். தந்தையார் தோளில் அமர்ந்து ஆட்டங்கண்ட ஒருவன், கழகம் எத்துணைத் தாழினும், அநுமதிச் சீட்டின் விலை எத்துணை உயரினும், எதிர்க் கழகத்துக்குச் சென்று சேரான். விட்டு நீங்காத வாடிக்கைக்காரரைப் பெற்ற வாணிகம் உலகில் இஃதொன்றே போலும். அப்பற்றை வளர்த்தவர் மக்கள். அதனை விற்பவரும் வாங்குபவரும் பிறர்.

இனி மாணவர் வினாவிற்கு வருவோம். 2005-இல் அமெரிக்கராகிய மால்கம் கிளேசரும் அவர் குடும்பத்தாரும் மாஞ்செஸ்டர் யுனைடெட் கழகத்தை ஏறக்குறைய 79 கோடி பவுனுக்கு வாங்கினர். அத்தொகையில் 50 கோடிக்கு மேற்பட்டது கடன். அக்கடன் எவர் தலையில் ஏறிற்று என்பதே வியப்பு. ஒருவன் நூறு காணி நிலம் வாங்க விழைகின்றான், கைப்பொருளோ போதாது. வாங்கப்போகும் அந்நிலத்தையே ஈடு காட்டிக் கடன் பெற்று, அப்பணத்தை விற்றவர்க்கு அளிக்கின்றான். நிலம் அவன் பெயர்க்கு மாறுகின்றது. கடனோ நிலத்தின் பெயர்க்கு மாறுகின்றது. அன்று முதல் விளைவிற் பெரும்பகுதி வட்டிக்குப் போகின்றது. அதுவரை கடனின்றி இருந்த கழகம் இவ்வாறே ஒரு நாளிற் கடனாளி ஆயிற்று. இது சட்டத்துக்கு மாறானதன்று. கம்பெனிகளை வாங்குவதில் வழங்கிவரும் முறையே. வட்டியும் கடன் செலவும் இலாபப் பங்குமாகப் பின்வந்த ஆண்டுகளில் கழகத்தினின்று நீங்கிய தொகை 100 கோடி பவுனைக் கடந்தது.

இதனை மறுப்போர் கூற்றையும் கூறுதல் முறை. கிளேசர் குடும்பத்தார் காலத்தில் கழகத்தின் வருவாய் பன்மடங்கு பெருகிற்று. 2007 முதல் 2013 வரையில் ஐந்து முறை லீக் வெற்றியும், 2008-இல் ஐரோப்பிய வெற்றியும் கிட்டின. 2024-இல் இங்கிலாந்துத் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிப் கழகத்தின் கால்பங்குக்குச் சற்று மேற்பட்ட பகுதியை வாங்கி, ஆட்டக் காரியங்களின் பொறுப்பை ஏற்றார். எனினும் மக்கள் மனம் ஆறவில்லை. 2005-லேயே ஒரு பகுதியார் பிரிந்து, உறுப்பினர் ஒவ்வொருவர்க்கும் ஒரே வாக்கு என்னும் விதியோடு ‘மாஞ்செஸ்டரின் யுனைடெட் காற்பந்துக் கழகம்’ என்ற சிறு கழகத்தைத் தாமே நிறுவினர். 2010-இல் அரங்கிலிருந்தோர் பலர், சிவப்பை நீக்கி, பழைய நியூட்டன் ஹீத்தின் பச்சையும் பொன்னிறமுமான கழுத்துத் துணியை அணிந்து வந்தனர். கழகத்தை விடாமல் உடைமையாளரை மறுத்தற்கு அவர் கண்ட வழி அது.

கடன் ஏற்றுவாரேயன்றிப் பொருளை வாரி இறைப்பாரும் உளர். 2003-இல் ருஷியச் செல்வர் ரோமன் அப்ரமோவிச் செல்சி கழகத்தை வாங்கினார். 2008-இல் அபு தாபி அரச குடும்பத்து ஷேக் மன்சூர் மாஞ்செஸ்டர் சிட்டியைக் கொண்டார். 2021-இல் சவூதி அரசின் பொது முதலீட்டு நிதி நியூகாசில் கழகத்தின் பெரும்பங்கைப் பெற்றது. இவற்றால் வெற்றிகள் குவிந்தமை மெய்யே. ஆயின், வள்ளலின் கையை நோக்கி வாழ்வதும் ஓர் அடிமைத்தனமாம். 2022-இல் ருஷியா உக்ரைன்மீது படையெடுத்தபின், இங்கிலாந்து அரசு அப்ரமோவிச்சின் சொத்தை முடக்கிற்று. செல்சி கழகம் அநுமதிச் சீட்டு விற்றற்கும் அரசின் இசைவை நாட நேர்ந்தது. ஆட்டத்துக்குச் சிறிதும் தொடர்பில்லாத ஒரு போர், இலண்டன் கழகமொன்றின் வாயிலைச் சில கிழமை அடைத்தது. பின்னர் அக்கழகம் 250 கோடி பவுனுக்கு அமெரிக்க முதலீட்டாளர்க்கு விற்கப்பட்டது.

நம் நாட்டவரும் இவ்வரிசையில் உளர். 1888-இல் லீக் அமைத்த பன்னிரு கழகங்களுள் ஒன்றாகிய பிளாக்பர்ன் ரோவர்சை, 2010-இல் புனா நகரத்துக் கோழிப்பண்ணைத் தொழிலாளரான வெங்கீஸ் கம்பெனியார் 2 கோடியே 30 இலட்சம் பவுனுக்கு வாங்கினர். அவ்வூர் இரும்பு வணிகர் ஜாக் வாக்கரின் கொடையால் 1995-இல் லீக்கில் முதலிடம் பெற்ற கழகம் அது. புதியவர் வந்த சில கிழமையில் அனுபவமிக்க பயிற்சித் தலைவர் நீக்கப்பட்டார். 2012-இல் கழகம் முதல் வரிசையினின்று வீழ்ந்தது. 2017-இல் மூன்றாம் வரிசைக்கும் இறங்கி, மறு ஆண்டில் மீண்டது. நட்டத்தை ஈடுசெய்ய வெங்கீசார் ஆண்டுதோறும் பெரும்பொருள் அளித்தே வந்தனர். ஆயினும் 2012-இல் ஆட்டத்தின் நடுவே கழகக் கொடி போர்த்திய கோழியொன்றைத் திடலில் விடுத்து மக்கள் தம் சினத்தைக் காட்டினர். பொருள் கொடுத்தல் ஒன்று. அவ்வூர் மக்களோடு கலந்து பேசுதல் மற்றொன்று. பின்னது இன்றி முன்னது அன்பைப் பெறாது.

ஆதலின் அயல்நாட்டார் என்பதே குற்றம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. 2010-இல் லெஸ்டர் கழகத்தைப் பெற்ற தாய்லாந்து வணிகர் விச்சாய், அவ்வூர் மருத்துவமனைக்கு 20 இலட்சம் பவுன் அளித்தார். மக்களோடு மக்களாக இருந்தார். 2016-இல் எவரும் எதிர்பாராத லீக் வெற்றியைக் கண்டார். 2018-இல் அரங்கினருகே வானூர்தி வீழ்ந்து அவர் இறந்தபொழுது, தம் வீட்டில் ஒருவரை இழந்தார் போல அவ்வூரார் அழுதனர். மாறாக, 1885-இல் தோன்றி இருமுறை இங்கிலாந்துக் கோப்பையை வென்ற பரி கழகம், உள்நாட்டு உடைமையாளர் கையிலேயே கடனில் மூழ்கி, 2019-இல் லீக்கினின்று நீக்கப்பட்டது. தேசம் எதுவாயினும் ஆகுக. தாம் உடைமையாளரோ தருமகர்த்தரோ என்பதனை அவர் எவ்வாறு உணர்ந்தனர் என்பதே வினா.

இவ்வினா எனக்கு ஏட்டளவில் நில்லாது. எம்மூரில் யாம் ஆடிய திடல் ஒரு வணிகர்க்கு உரியது. அவர் பந்து வாங்கித் தருவார். ஆட்டம் முடிந்தபின் மோர் வழங்குவார். ஊரார் அத்திடலை ‘நம் திடல்’ என்றே கூறுவர். அவர் மறைந்தபின் வந்தோர் ஒரு கோடையில் அதனை முள்வேலியிட்டு மனைகளாக்கினர். சட்டம் அவர் பக்கமே நின்றது. வேலியருகே பந்தைக் கையில் ஏந்தி நின்ற சிறுவருள் யானும் ஒருவன். எம்முடைய ‘நமது’ என்னுஞ் சொல்லுக்கு எந்தப் பதிவுக் கச்சேரியிலும் ஓர் ஏடு இல்லை என்பதனை அன்றே அறிந்தேன்.

அத்தகைய ஏட்டை உண்டாக்க முயன்ற நாடுகளும் உள. ஜெர்மனியில் 1998 முதற்கொண்டு, கழகம் கம்பெனியாயினும் வாக்குரிமையில் பாதிக்கு மேற்பட்ட பகுதி உறுப்பினர் சங்கத்திடமே நிற்றல் வேண்டுமென்பது விதி. விலக்குகள் மிகச் சில. இங்கிலாந்தில் 2021 ஏப்ரலில் ஆறு பெருங் கழகங்களின் உடைமையாளர், ஏனையோரை விலக்கி ஐரோப்பியத் தனி லீக் ஒன்று காண முற்பட்டனர். மக்கள் தெருவில் இறங்கினர். இரண்டே நாளில் அறுவரும் பின்வாங்கினர். அவ்வெழுச்சியின் பயனாக, 2025 ஜூலையில் காற்பந்து நிருவாகச் சட்டம் நிறைவேறிற்று. உடைமையாளரின் தகுதியை ஆராயவும், திடலை விற்றலையும் கழகத்தின் பெயர், சின்னம், நிறம் இவற்றை மாற்றுதலையும் கட்டுப்படுத்தவும் ஒரு தனி அதிகாரி அமைப்பிற்கு அச்சட்டம் வழிவகுத்தது. 1983-இல் உடைந்த வரம்பின் ஒரு பகுதி இங்ஙனம் மீண்டும் கட்டப்பெற்றது.

அன்புள்ள மாணவர்காள்! இக்கணக்கில் நம் பெயரும் உண்டு. 2022 முதல் 2025 வரையிலான மூன்றாண்டில் பிரீமியர் லீக் ஒளிபரப்பிற்கு அயல்நாடுகள் அளித்த தொகை, இங்கிலாந்து அளித்ததனை முதன்முறையாக விஞ்சிற்று. நாம் செலுத்தும் சிறு கட்டணமும், வாங்கும் சட்டையும் அக்கழகங்களின் விலையை உயர்த்துகின்றன. ஆட்டத்தைக் காணாதொழிக என்று யான் கூறேன். யானே அதனைக் கைவிடேன். வெற்றி தோல்வியை அறியும் ஆர்வத்தோடு, அக்கழகம் எவரால் தோன்றிற்று, எவர் கடனைச் சுமக்கின்றது, அவ்வூரார் யாது கூறுகின்றனர் என்பவற்றையும் அறிவோமாக. நமது என்று ஒன்றைக் கூறுவோர்க்கு அதனைப் பற்றி வினவும் கடமையும் உண்டு. அக்கடமையை ஐயாயிரம் கல்லுக்கு அப்பால் உள்ள கழகத்திடம் பயில்வோர், தம்மூர்த் திடலையும் ஊருணியையும் நூல்நிலையத்தையும் பற்றி வினவவும் ஒரு நாள் துணிவர் என்பது என் நம்பிக்கை.