பகடை துகில்

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கிற வேலை. மாதாமாதம் கொழுத்த வட்டி தருவதாகச் சொன்ன ஓர் இடத்தில், அவருடைய நகையை அடகு வைத்துப் பணம் கட்டினார் கணவர். சில மாதம் வட்டி வந்தது; பிறகு நின்றுபோனது. "கட்டுனது அவரு. நகை என்னுது. என்னை ஒரு வார்த்தை கேக்கல" என்றார் அக்கா. அன்றிலிருந்து இதை நாடகமாக எழுத வேண்டும் என்று மனம் அரிக்கிறது.

2022இல் வேலூரை உலுக்கிய ஐ.எஃப்.எஸ். நிதி நிறுவன மோசடி வழக்கை இந்தப் பக்கம் அறியாதவர் இல்லை. மாதம் 6 முதல் 10 சதவீதம் வட்டி என்று சொல்லி, சுமார் 84,000 பேரிடம் ஏறத்தாழ 6,000 கோடி ரூபாய் திரட்டப்பட்டதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு சொன்னது. லட்சத்துக்கு மாதம் எட்டாயிரம் என்றால் பதின்மூன்றே மாதத்தில் போட்ட பணம் கைக்கு வந்துவிடும். எந்தத் தொழிலில் அவ்வளவு லாபம் என்று கேட்கத் தோன்றாதபடி செய்தது பணம் திரட்ட வந்த ஏஜெண்டின் முகம். மச்சான், சித்தப்பா, கூட வேலை பார்ப்பவர் என்று தெரிந்த முகமாகவே அது வந்தது. இத்தகைய திட்டங்களில் புதிதாகச் சேர்பவரின் பணமே பழையவருக்கு வட்டியாகப் போகும். ஆள் வருவது குறைந்தால் எல்லாம் சரியும்.

பண மோசடியை மேடையேற்றுவது புதிதல்ல. 2001இல் திவாலான அமெரிக்காவின் என்ரான் நிறுவனத்தை லூசி பிரெபில் 2009இல் நாடகமாக்கினார். கடனை ஒளித்துவைத்த நிழல் கம்பெனிகளுக்கு அந்நிறுவனமே 'ராப்டர்' என்று பெயரிட்டிருந்தது. டைனோசர் தலை மாட்டிய நடிகர்கள் அவையாக மேடையேறினார்கள். லண்டன் கொண்டாடியது, நியூயார்க்கில் சில வாரங்களில் திரை விழுந்தது.

நமக்கு டைனோசர் வேண்டாம். திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவில் 'பகடை துகில்' கூத்து ஓர் இரவு நடக்கிற மண் இது. தருமர் எல்லாம் தோற்று, தன்னையும் தோற்று, மனைவியைப் பணயம் வைக்கிறார். தன்னைத் தோற்றவருக்கு என்னை வைக்க என்ன உரிமை என்று திரௌபதி கேட்கிறாள். சபையில் பெரியவர்கள் தலை குனிகிறார்கள். அக்கா கேட்டதும் அதே கேள்விதான். "பேராசைப்பட்டால் இப்படித்தான்" என்று ஊர் அவரையும் சேர்த்தே ஏசியது; பகடையை அவர் தொட்டதே இல்லை.

பாரதக் கூத்து படுகளத்தில் முடியும். மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் வீழ்ந்ததும் நெஞ்சு ஆறும். என் நாடகத்தையும் கைதுக் காட்சியில் முடித்தால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அடகுக் கடையில் நகை அப்படியே கிடக்கிறதே. ஆகவே துகில் இரவோடு நிறுத்திவிடப் போகிறேன். ஏஜெண்டும் பணம் கட்டியவரும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிற தெருவில், திரௌபதி ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நின்று கேட்கட்டும்: "என்னை யாரைக் கேட்டு வைத்தீர்கள்?"