பசியில்லா மீனும் என் கோபமும்



மார்க்கக் கல்வி கற்பிக்கும் ஒருவன் மீன்பிடிப்பதைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும், சென்ற ஜூலை மாதத்தில் ஓர் ஏரியின் நடுவே, பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவனிடம் நான் கற்ற பாடத்தை உங்களோடு பகிராமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

சியாட்டில் நகரின் புறநகர் ஒன்றில் வார இறுதி மதரஸாவில் குர்ஆன் ஓதிக்கொடுத்து வருகிறேன். மே மாதத்தில் ஒருநாள், மனனப் பாடத்தை மூன்றாவது வாரமாக ஒப்பிக்கத் தவறிய அச்சிறுவனை மற்ற மாணவர்களின் முன்னிலையில் கடிந்துகொண்டேன். "உன் மண்டையில் எதுவும் ஏறாது" என்றும் சொல்லிவிட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். எதிர்த்து ஒரு சொல் பேசவில்லை. அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அழைத்துப் பேச வேண்டும் என்று பலமுறை எண்ணினேன். உஸ்தாத் என்ற தகுதி என்னைத் தடுப்பதாக நினைத்துக்கொண்டேன். தடுத்தது தகுதியன்று, பெருமை.

கோடை விடுமுறையில் அவனுடைய தந்தை அழைத்தார். இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர்க்காரர். குறையேதும் சொல்லவில்லை. "உஸ்தாத், ஞாயிற்றுக்கிழமை மீன்பிடிக்கப் பேக்கர் ஏரிக்குப் போகிறோம். நீங்களும் வந்தால் மகிழ்ச்சி. ஒருநாள் உரிமம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். மறுக்க நாணி ஒப்புக்கொண்டேன்.

நள்ளிரவு கடந்ததும் புறப்பட்டோம். படகு இறக்கும் துறையில் மூவரும் ஜமாஅத்தாக ஃபஜ்ரு தொழுதோம். பொழுது புலர்ந்தபோது, கோடையிலும் பனி மூடிய பேக்கர் மலை வெளுத்துத் தெரிந்தது.

அந்த ஏரிக்கு வரும் சாக்கை சால்மன் மீன்களின் வரலாற்றைத் தந்தை படகில் சொல்லிவந்தார். அவை நன்னீரில் பிறந்து, ஏரியில் ஓராண்டோ அதற்கு மேலோ வளர்ந்து, கடலுக்குச் சென்று, சில ஆண்டுகள் கழித்துப் பிறந்த நீரையே தேடித் திரும்புகின்றன. ஒருமுறை முட்டையிட்டபின் இறந்துவிடுகின்றன. 1925இல் பேக்கர் ஆற்றின் குறுக்கே அணை எழுந்து, அவற்றின் வழி அடைபட்டது. அதனால் இன்றுவரை, ஆற்றின் கீழ்ப்பகுதியில் மீன்களைப் பிடித்து, நீர்த்தொட்டி வண்டியில் ஏற்றி மேலே ஏரியில் கொண்டுவந்து விடுகிறார்கள். 1985ஆம் ஆண்டில் திரும்பி வந்தவை வெறும் 99 மீன்கள். "இனி இது தேறாது என்று அன்று கைவிட்டிருந்தால் இன்று நமக்கு இங்கே வேலையில்லை, உஸ்தாத். இப்போது பல்லாயிரக்கணக்கில் வருகின்றன" என்றார் அவர். என் மனத்தை நோக்கிச் சொன்னாரோ, இயல்பாகச் சொன்னாரோ, அறியேன். எனக்குச் சுருக்கென்றது.

தூண்டில் கட்டும் பொறுப்பு மகனுடையது. கடலோரத்தில் நாம் காண்பதுபோல் தூண்டிலைப் போட்டுக் காத்திருக்கும் முறையன்று இது. படகை மெல்ல ஓட்டியபடியே தூண்டிலைப் பின்னால் இழுத்துச் செல்ல வேண்டும்; டிரோலிங் என்கிறார்கள். கம்பிவடத்தில் ஈயக்குண்டைக் கட்டி, நைலான் நரம்பை அதனோடு கவ்வியால் பொருத்தி, வேண்டிய ஆழத்துக்கு இறக்கினான். விடியலில் இருபதடி, வெயில் ஏற ஏற ஐம்பதடிக்கும் கீழே. நரம்பில் பளபளக்கும் உலோகத் தகடு ஒன்று. அதற்குப் பின்னே ஏறத்தாழ ஒரு சாண் இடைவெளியில் இளஞ்சிவப்புச் சிறு முட்கள். முனையில் சாயமேற்றிய இறால் துணுக்கு. தகடு நீரில் இருபுறமும் ஆட, முள்ளும் துள்ளும். வேகமோ மணிக்கு ஒரு மைல். நாம் நடப்பதைவிடக் குறைவு.

"இவ்வளவு சிறிய இரைக்காகவா இத்தனை பெரிய மீன் வரும்?" என்று கேட்டேன். இரண்டு மாதத்திற்குப் பிறகு அவனிடம் நான் பேசிய முதல் சொற்கள் அவை.

"இரைக்காக இல்லை, உஸ்தாத். இது கடலிலேயே கூனி போன்ற மிகச் சிறியவற்றைத்தான் தின்னும். திரும்பி வரும்போது அதையும் விட்டுவிடும். பசியே இருக்காது."

"பின் ஏன் கவ்வுகிறது?"

"கோபம் என்று சொல்வார்கள். கண் முன்னால் ஒன்று ஆடிக்கொண்டே போனால் எரிச்சல் வருமாம். கடித்துவிடும்."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். நான் வாயடைத்துப்போனேன். அறிவுரை கேட்டு வந்த ஒருவருக்கு, கோபம் கொள்ள வேண்டாம் என்பதையே நபி (ஸல்) அவர்கள் மீண்டும் மீண்டும் சொன்ன செய்தியை எத்தனை முறை மாணவர்களுக்குக் கற்பித்திருப்பேன்! அந்த மே மாத வகுப்பில் எனக்கு எந்தத் தேவையும் இருக்கவில்லை. கண் முன்னால் ஒரு சிறுவன் தடுமாறினான், கடித்துவிட்டேன்.

சற்று நேரத்தில் என் தூண்டிற்கோல் வளைந்து துடித்தது. பதற்றத்தில் எழுந்து நின்று, முழுவலுவுடன் சுண்டி இழுத்தேன். நீர்மட்டத்தில் வெள்ளிபோல் ஒரு மின்னல். பிறகு நரம்பு தளர்ந்தது. மீன் போய்விட்டது. படகே நின்று என்னைப் பார்ப்பதுபோல் கூனிக்குறுகினேன்.

சிறுவன் நகைக்கவில்லை. "பரவாயில்லை, உஸ்தாத். இதற்கு வாய் மிகவும் மெல்லியது. வேகமாக இழுத்தால் கிழிந்துவிடும். உட்கார்ந்துகொள்ளுங்கள். நரம்பு தளராமல் மெதுவாகச் சுற்றினால் போதும்" என்றான். பிறகு புதிய இறால் துணுக்கைக் கோத்து மீண்டும் இறக்கித் தந்தான்.

நின்றுகொண்டிருப்பவர் கோபமுற்றால் அமர்ந்துகொள்ளட்டும் என்னும் நபிவழியை மதரஸாவில் நான் மறந்தேன். படகில் ஒரு சிறுவன் என்னை அமரச் செய்தான்.

அடுத்த மீனை அவன் சொன்னபடியே சுற்றினேன். அவன் கைவலையை மீனின் தலைக்கு முன்னே நீட்டி அள்ளினான். துன்பம் நீளாதபடி ஒரே அடியில் அதன் உயிரைப் போக்கினான். "பதிவு அட்டையில் உடனே மையால் குறிக்க வேண்டும், உஸ்தாத். கரைக்குப் போய் எழுதக்கூடாது" என்று பேனாவை நீட்டினான். எழுதி முடித்து, பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னேன்:

"தம்பி, அன்று வகுப்பில் நான் சொன்னது தவறு. எல்லோர் முன்னிலையிலும் சொன்னது அதைவிடப் பெரிய தவறு. என்னை மன்னித்துவிடு."

அவன் ஏரியைப் பார்த்தபடி நெடுநேரம் இருந்தான். பின்னர், "நான் வீட்டில் ஓதிப் பார்த்தேன், உஸ்தாத். உங்கள் முன்னால் வந்தால் மறந்துவிடுகிறது" என்றான். தந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு படகின் விசையைச் சரிசெய்வதுபோல் இருந்தார்.

மூன்று மீன்களோடு கரை திரும்பினோம். செப்டம்பரில் மதரஸா திறந்தபோது அவன் வந்தான். எல்லோர் முன்னிலையிலும் சொன்ன சொல்லை எல்லோர் முன்னிலையிலும் திரும்பப் பெற்றுக்கொண்டேன். இன்றும் அவன் சில வசனங்களில் தடுமாறுகிறான். அப்போதெல்லாம் அவனருகே அமர்ந்துகொள்கிறேன். விட்ட இடத்திலிருந்து மெதுவாக எடுத்துக்கொடுக்கிறேன்.

பெற்றோர்களே, ஆசிரியர்களே! பிள்ளைகளின் உள்ளம் மெல்லியது. வேகமாக இழுத்தால் கிழிந்துவிடும்; கிழிந்தபின் நம் கையில் மிஞ்சுவது வெறும் நரம்புதான். கோபத்தை விழுங்கும் வலிமையை நம் அனைவருக்கும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.