லெய்டன் நகரும் இதயத்தின் கையெழுத்தும்

நெதர்லாந்து நாட்டில் ஆம்ஸ்டர்டாம் மாநகரிலிருந்து தென்மேற்கே, புகைவண்டியில் முக்கால் மணி நேரத்திற்குள் சென்றடையக்கூடிய நகரம் லெய்டன். பழைய ரைன் ஆற்றின் இரு கிளைகள் நகரின் நடுவே ஒன்று கூடுகின்றன. கால்வாய்களும், அவற்றின்மீது வளைந்து நிற்கும் சிறு பாலங்களும், கரையோரத்து மரங்களும் காண்போர் உள்ளத்தைக் கவர்வன. தமிழராகிய நமக்கும் இவ்வூரின் பெயர் புதிதன்று. சோழர் காலத்து ஆனைமங்கலச் செப்பேடுகள் இங்குள்ள பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இருந்தமையால், அவை ‘லெய்டன் செப்பேடுகள்’ என்றே நம் வரலாற்று நூல்களில் வழங்கி வருகின்றன.

ஆயினும், இந்நகரம் மனித குலத்திற்கு அளித்த வேறொரு கொடையைப் பற்றியே இங்குக் கூற விழைகிறோம். இன்று பலர் மணிக்கட்டில் கடிகாரம்போல் அணிந்து தம் இதயத் துடிப்பை அறிந்துகொள்கின்றனரே, அச்சிறு கருவியின் முன்னோனைக் காண விரும்புவோர் வரவேண்டிய ஊர் இதுவே.

நகரின் பழைய பகுதியில் ஒரு குறுகிய தெருவில் பூர்ஹாவே அருங்காட்சியகம் அமைந்துள்ளது. அறிவியல் கருவிகளைக் காக்கும் அக்கட்டடம், 15ஆம் நூற்றாண்டில் புனித செசிலியம்மாள் பெயரால் விளங்கிய கன்னியர் மடமாகும். அடுத்த நூற்றாண்டின் சமயப் பிளவுக்குப் பின் மடம் நகரத்தாரின் கைக்கு மாறியது. கொள்ளைநோய் கண்டோருக்கும் மனநலம் குன்றியோருக்கும் புகலிடமாயிற்று. 1636ஆம் ஆண்டு முதல் மருத்துவ மாணவர் பயிற்சிக்கென ஆண்களுக்கு 6, பெண்களுக்கு 6 என 12 படுக்கைகள் இங்கு ஒதுக்கப்பட்டன. 18ஆம் நூற்றாண்டில் பேராசிரியர் ஹெர்மன் பூர்ஹாவே இப்படுக்கைகளின் அருகே நின்றுதான் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் வந்த மாணவர்களுக்கு நோயறியும் கலையைப் பயிற்றுவித்தார். அவர் நம்பியிருந்தவை பெரும்பாலும் தம் கண்களும் காதுகளும், நாடி பிடிக்கும் விரல்களுமே.

விரல்கள் உணர்வதைக் கண்கள் காணச் செய்தவர் வில்லம் ஐந்தோவன். 1860இல் ஜாவாத் தீவின் செமாராங் நகரில் பிறந்த இவர், தம் இருபத்தைந்தாம் வயதிலேயே லெய்டன் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பதவிக்குத் தெரிவு செய்யப்பட்டார். இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் மிக நுண்ணிய மின்னோட்டம் தோன்றி உடலெங்கும் பரவுகிறது. தோலின்மேல் அதன் அளவு ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கு எனலாம். இதனை அளக்க, வெள்ளி பூசிய மெல்லிய படிகக்கல் இழையொன்றை வலிமை மிக்க மின்காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே அவர் கட்டினார். இதயத்தின் மின்னோட்டம் பாய, இழை அசையும். அதன் நிழல், நகரும் ஒளிப்படத் தகட்டில் கோடாகப் பதியும். இதயம் தன் கையாலேயே எழுதிய எழுத்து அது!

1901இல் அவர் விவரித்த அக்கருவியின் எடை ஏறத்தாழ 270 கிலோ. அதனை இயக்க ஐவர் வேண்டும். மின்காந்தம் சூடேறாதிருக்க நீர் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். நோயாளியோ இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் வைத்து அமர்ந்திருப்பார்.

இத்தகைய கருவியை நோயாளியின் படுக்கைக்குக் கொண்டுசெல்வது எங்ஙனம்? 1905இல் ஐந்தோவன் தம் ஆய்வுக்கூடத்திற்கும் ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த மருத்துவமனைக்கும் இடையே கம்பி இணைப்பை ஏற்படுத்தி, நோயாளி அங்கிருக்க அவர்தம் இதயத்தின் கோட்டை இங்கே வரைந்தார். அம்மருத்துவமனைக் கட்டடம், 1937 முதல் உலக மக்களின் பண்பாட்டுப் பொருட்களைக் காட்டும் அருங்காட்சியகமாக விளங்குகிறது. 1924ஆம் ஆண்டின் நோபல் பரிசு ஐந்தோவனைத் தேடி வந்தது.

பின்னர் கருவி சிறுக்கத் தொடங்கியது. 1949இல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் நார்மன் ஹோல்ட்டர் என்பார், ஏறத்தாழ 38 கிலோ எடையுள்ள கருவியை முதுகில் சுமந்தபடியே தம் இதயத் துடிப்பை வானொலி அலைகளால் அனுப்பிக் காட்டினார். 2018இல் இதயத்தின் மின்கோட்டைப் பதிவு செய்யும் கைக்கடிகாரம் விற்பனைக்கு வந்துவிட்டது. ஒரு கையில் அதனை அணிந்து, மறு கையின் விரலை அதன்மேல் வைத்தால், முப்பது விநாடியில் கோடு தோன்றும். அன்று இரு கைகளையும் உப்புநீரில் வைத்துப் பெற்ற அதே கோடுதான் இது!

இதனால் விளையும் நன்மை யாது? இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் நோயொன்று உண்டு. ஐந்தோவன் 1906இல் வெளியிட்ட கோடுகளிலேயே அதன் உருவத்தைக் காணலாம். பலருக்கு இது யாதொரு வலியுமின்றி வருகிறது; ஆயின் பக்கவாதம் வரும் வாய்ப்பை ஏறத்தாழ ஐந்து மடங்காக உயர்த்திவிடுகிறது. முன்னரே அறிந்து, இரத்தம் உறையாதிருக்க மருத்துவர் தரும் மருந்தை உட்கொண்டால், அவ்வாய்ப்பில் மூன்றில் இரு பங்கைத் தடுக்க இயலும். ஒரு குடும்பத்தின் தலைவர் தம் கால்களால் நடப்பதும், படுக்கையில் வீழ்வதும் இவ்வொரு செய்தியைப் பொறுத்து அமையலாம்.

எனினும் கருவியைக் கண்மூடி நம்புதல் தகாது. 2019இல் வெளியான ஆய்வொன்றில் 4,19,297 பேர் கடிகாரம் அணிந்திருந்தனர். எச்சரிக்கை பெற்றோர் நூற்றுக்கு அரைப்பங்கினரே. அவர்களுள், பின்னர் மார்பில் ஒட்டும் கருவியைப் பல நாட்கள் அணிந்து சோதனையை முடித்த 450 பேரில் மூன்றில் ஒரு பங்கினருக்கே அந்நாட்களில் அந்நோய் தென்பட்டது. நோய் வந்து வந்து மறைவதாதலால், ஏனையோருக்கு நோயே இல்லையென்றும் கூறிவிட இயலாது. மேலும், மாரடைப்பைக் கண்டறியும் திறன் அக்கடிகாரத்திற்கு இல்லை. கடிகாரம் மௌனமாயிருக்கிறதென்று நெஞ்சுவலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டிலிருப்போர் உயிரையே பணயம் வைக்கின்றனர்.

அனைவராலும் இக்கருவியை வாங்க இயலாது என்பதும் உண்மையே. ஆனால் பூர்ஹாவே பயன்படுத்திய கருவி ஒவ்வொருவர் கையிலும் உண்டு. வீட்டிலுள்ள முதியோரின் மணிக்கட்டில், பெருவிரலுக்குக் கீழே இரு விரல்களை வைத்து, அரை நிமிடம் நாடியைக் கவனியுங்கள். துடிப்பு ஒரு சீராயின்றித் தாறுமாறாக ஓடுமாயின், காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பெற்றோரின் கையைப் பற்றிக்கொண்டு அமரும் அந்த அரை நிமிடம் ஒருபோதும் வீணாகாது.